கரிய மணலும் வெள்ளைப் பூச்சும்: சிதறும் ஒளியை நெறிப்படுத்தல் குறித்து

இலங்கையின் வடகீழ்ப் பகுதியிலுள்ள புல்மோட்டைக் கரையில் கரிய மணல் திரண்ட இடத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்தக் கனிய மணலில் முதன்மையான இல்மனைற், இரும்பும் ரைற்றேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. விழும் ஒளியை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். இல்மனைற்றிலிருந்து இரும்பை நீக்கிப் பெறும் ரைற்றேனியம் ஈரொட்சைட்டோ வெள்ளைப் பெயின்றின் உயிர். இரண்டுமே ஒளிபுகாதவை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மணல் ஒளியை அழிக்கிறது. பெயின்ற் அதைக் கலைக்க மட்டுமே செய்கிறது. கலைந்ததை ஒழுங்குபடுத்தலாம், அழிந்ததை மீட்க வழியில்லை.

ரூற்றைல் வகை ஈரொட்சைட்டின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 2.7, பெயின்றின் பிசினுக்கு 1.5 அளவில்தான். இந்த இடைவெளியால் ஒளி துணிக்கைக்குத் துணிக்கை திசைமாறுகிறது. பெரும்பங்கு திரும்பிவிட, மறுபுறம் வந்துசேரும் சிறுபங்கு எண்ணற்ற பாதைகளின் தலையீட்டால் உருவானது. லேசரில் பார்த்தால் அது ஒளியும் இருளுமாய்ப் புள்ளியிட்ட கோலம். துணிக்கைகள் அசையாதவரை அந்தக் கோலமும் மாறாது. நெறிப்படுத்தலுக்கு இடம் தருவது இதுவே.

2007இல் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தில் ஐவோ வெல்லெகூப்பும் அலார்ட் மொஸ்க்கும் இதே ஈரொட்சைட்டை ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர் தடிப்பில் பூசி அதன்மேல் லேசரைச் செலுத்தினர். அலைமுகப்பை மூவாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, மறுபுறத்தில் தெரிவுசெய்த ஒரு புள்ளி பிரகாசமாகும்படி ஒவ்வொன்றின் அவத்தையையும் திருத்தினர். அப்புள்ளி சூழலைவிட ஏறத்தாழ 1000 மடங்கு ஒளிர்ந்தது. 2010இல் பாரிசில் பொப்போஃப், ஜிகான் முதலிய ஆய்வாளர்கள் ஊடகத்தின் ஊடுகடத்தல் தாயத்தையே, அதாவது உட்செல்லும் ஒளி மறுபுறத்தில் எவ்வாறு வெளிவரும் என்பதைத் தரும் அட்டவணையையே, அளந்தனர். தாயம் கைக்கு வந்தால் புள்ளிக்குப் புள்ளி தேட வேண்டியதில்லை.

இனித் திருகோணமலையின் கொட்டியாரக் குடா. வடகீழ்ப் பருவமழையில் மகாவலி ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும்போது நீருக்குள் கை நீட்டினால் விரல் தெரிவதே அரிது. இங்கும் சிதறல்தான் பெருந்தடை. ஆகவே மேற்சொன்ன முறை இங்கும் பலிக்கும் என்று கருதத் தோன்றும். நான் உடன்படமாட்டேன். நீரில் வண்டல் ஓயாது நகர்கிறது. தாயத்தை அளந்து முடிப்பதற்குள் அது பழசாகிவிடும். உயிருள்ள இழையத்தில் குருதியோட்டம் மில்லிசெக்கன்களில் விளைவிக்கும் சிக்கலும் இதுவே. அலைமுகப்பை விரைந்து திருத்தும் அதிவேக நுண்ணாடிகள் வந்தாலும் பரந்த நீர்ப்பரப்பில் ஒளிப்பாதைகளின் எண்ணிக்கை எந்தக் கருவியின் பகுதிகளையும் விஞ்சும். போதாக்குறைக்கு, சிவப்பு ஒளியை நீரே உறிஞ்சிவிடுகிறது.

ஆகவே இத்தகைய கலங்கல் நீரில் துறைமுக அடித்தளத்தைப் படம்பிடிக்க விரும்புவோர் சிதறிய ஒளியைத் திருத்த முயல்வதைவிட அதை ஒதுக்குவதே மேல். நீரில் ஒளி ஒரு நனோசெக்கனில் 22.5 சென்ரிமீற்றர் அளவே செல்லும். 5 மீற்றர் தொலைவிலுள்ள பொருளில் பட்டு மீள ஏறத்தாழ 44 நனோசெக்கன் ஆகும். இடைநீரில் சிதறித் திரும்பும் ஒளியின் பெரும்பகுதி அதற்குமுன் வந்துவிடும். குறுந்துடிப்பு லேசரை ஏவி, அந்தக் கணம்வரை கமராவின் வாயிலை மூடி வைத்திருந்தால் போதும்.