“என் நாய் ஒன்னும் செய்யாது”: நாய்த் திடலில் சுபாவம் செய்யும் வேலை

பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலோ வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ உள்ள வேலியிட்ட நாய்த் திடலில் ஒரு மாலை நேரம் நின்றால், ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: “என் நாய் ஒன்னும் செய்யாது.” சொல்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். எதிரே நிற்கும் நாயின் சுபாவம்தான் அவர் கணக்கில் வருவதில்லை. திடலில் மூளும் சண்டைகள் பலவற்றுக்கு முரட்டு நாய் காரணமல்ல. ஒத்துப்போகாத இரண்டு சுபாவங்கள் ஒரே வேலிக்குள் மாட்டிக்கொள்வதே காரணம்.

துள்ளல் நாயையே எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான இளம் நாய்கள் பல இப்படித்தான். வாரைக் கழற்றியதும் நேராக ஓடி இன்னொரு நாயின் முகத்தில் மோதும். நமக்கு அது பாசம். நாய்களுக்கு அது மரியாதைக் குறைவு. பழகத் தெரிந்த நாய் சற்றே வளைந்து வந்து, பின்பக்கம் மோந்து பார்த்த பிறகே விளையாட அழைக்கும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துவதுதான் அந்த அழைப்பு.

துள்ளல் நாய் மோதுவது கூச்ச சுபாவமுள்ள நாய்மீது என்றால்தான் சிக்கல். 2012ல் தொடங்கிய அடோர் திட்டத்தின்கீழ் உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க முடிகிறது. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாக அழைக்கப்படும் இவற்றில் சில, வெளியில் பிறந்து வளர்ந்தவை. புதியவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பவை. பயந்த நாய் வாலை ஒடுக்கும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். இவ்வளவுக்குப் பிறகும் யாரும் கவனிக்காவிட்டால் உறுமும், கடைசியில் கடிக்கும். பழி அதன்மீது விழும், “தெருநாய் புத்தி” என்று. அது முன்பே பல முறை ‘வேண்டாம்’ என்று சொன்னதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உறுமியதற்காக நாயை அடிப்பது இன்னும் மோசம். அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

எஸ்டேட்டில் வளர்ந்த பெரியவர்கள், “அந்தக் காலத்தில் நாய்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லயத்து நாய்கள் கட்டில்லாமல் திரிந்தன. பிடிக்காத நாயைக் கண்டால் விலகிப் போக இடம் இருந்தது. வேலிக்குள் அந்த வசதி இல்லை.

வேறு சுபாவங்களும் உண்டு. மந்தை மேய்க்கும் இனங்கள் ஓடும் நாயின் குதிகாலைக் கவ்வப் பார்க்கும். சில நாய்கள் மற்ற நேரத்தில் சாதுவாக இருந்தாலும் பந்து, தின்பண்டம் என்று வந்தால் விட்டுக்கொடுக்காது. கூட்டமாக இருக்கும்போது அவற்றைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

இனத்தை மட்டும் வைத்துச் சுபாவத்தை முடிவு செய்ய வேண்டாம். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் தகவல்களை ஆராய்ந்து 2022ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, நாய்க்கு நாய் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்றது. ஆனால் சட்டம் வேறு. பிட் புல், ராட்வைலர் போன்ற பட்டியலிடப்பட்ட இனங்கள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பொது இடத்தில் வாரும் வாய்க்கவசமும் கட்டாயம்.

துரத்தல் விளையாட்டா, தொல்லையா என்று சந்தேகம் வந்தால், துரத்தும் நாயைச் சற்றுப் பிடித்து வையுங்கள். மற்றது திரும்பி வந்தால் விளையாட்டு. விலகி ஓடினால் அத்துடன் நிறுத்துங்கள். சண்டை மூண்டால் நடுவே கையை விடாதீர்கள். தண்ணீரை ஊற்றிப் பிரிக்கப் பாருங்கள்.

முதல் முறை போகிறவர்கள் வேலிக்கு வெளியே பத்து நிமிடம் நின்று பாருங்கள். வால் ஒடுங்கியே இருந்தால், அன்று பூங்காவைச் சுற்றி ஒரு நடை போதும். கூட்டமில்லாத வார நாள் காலையில் மறுபடி முயலலாம்.