குமிழ்க் கார்களும் அவற்றின் விலையும்

2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேடிசன் நகரில் ஓர் ஏலம் நடைபெற்றது. ப்ரூஸ் வைனர் என்ற சேகரிப்பாளர் பல்லாண்டுகளாகத் திரட்டித் தம் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த குறுங்கார்கள் அன்று விலை கூறப்பட்டன. 1958-இல் ஜெர்மனியில் உருவான 'டைகர்' என்ற சின்னஞ்சிறு வாகனம் 3,22,000 டாலருக்குப் போயிற்று. வறுமையின் அடையாளமாக ஒரு காலத்தில் எள்ளி நகையாடப்பட்ட வாகன இனம் செல்வந்தர்களின் வேட்கைப் பொருளானது எவ்வாறு?

இக்கதை போரின் இடிபாடுகளில் தொடங்குகிறது. 1945-இன் தோல்விக்குப் பின் ஜெர்மனியில் விமான உற்பத்திக்குத் தடை விதிக்கப்பட்டது. போரில் கால்களை இழந்தோர் பல்லாயிரவர். ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியாளர் இவர்களுக்காகவே 1940-களின் இறுதியில் ஒரு மூன்று சக்கர வண்டியை வடிவமைத்தார். முதலில் அது உடல் வலுவால் இயங்கியது. பிறகு சிறு எஞ்சின் பொருத்தப்பட்டது. ஊனமற்றோரும் அதனை விரும்பிக் கேட்கவே, வேலையின்றிக் கிடந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமான நிறுவனத்தை ஃபெண்ட் அணுகினார். அதன் ரேகன்ஸ்பர்க் தொழிற்சாலையிலிருந்து 1953-இல் கே.ஆர். 175 என்ற காரும், 1955-இல் கே.ஆர். 200 என்ற காரும் வெளிவந்தன.

பின்னதன் எஞ்சின் வெறும் 191 சி.சி. ஒருவர் பின் ஒருவராக அமரும் குறுகிய உடலும் கண்ணாடிபோன்ற கவிகையும் காற்றின் தடையைக் குறைத்தன, சிற்றெஞ்சினே போதுமானதாயிற்று. ரிவர்ஸ் கியர் கிடையாது. எஞ்சினை நிறுத்தி எதிர்த்திசையில் முடுக்கினால், நான்கு கியர்களிலும் பின்னோக்கிப் போகலாம்.

இத்தாலியில் குளிர்சாதனப் பெட்டிகள் செய்துவந்த ஐசோ நிறுவனம் 1953-இல் ஐசெட்டாவைப் படைத்தது. இதன் ஒரே கதவு முகப்பில் இருந்தது. அதைத் திறந்தால் ஸ்டியரிங்கும் உடன் விலகி வழிவிடும். உரிமம் பெற்ற பி.எம்.டபிள்யூ. 1955 முதல் 1962 வரை 1,60,000-க்கும் மேற்பட்ட ஐசெட்டாக்களை உற்பத்தி செய்தது. நிதி நெருக்கடியில் தத்தளித்த அந்நிறுவனத்திற்கு அவ்விற்பனை பெரும் ஊன்றுகோலாயிற்று.

1956-இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் அரிதானபோது இக்கார்கள் உச்சத்தை எட்டின. ஆனால் 1957-இல் ஃபியட் 500, 1959-இல் மினி என நான்கு பேர் அமரக்கூடிய மலிவான கார்கள் வந்தன. கையில் சற்றுப் பணம் சேர்ந்ததும் மக்கள் குமிழ்க் கார்களைக் கைவிட்டனர். இல்லாமையை நினைவூட்டும் பொருளை எவர்தாம் போற்றிப் பாதுகாப்பார்? பெரும்பாலானவை பழைய இரும்பாயின.

எனினும், இன்று உச்ச விலை பெறுபவை அந்நாளில் மக்களைச் சுமந்தவை அல்ல. வேகப் பிரியர்களை நம்பி நான்கு சக்கரங்களுடன் செய்யப்பட்ட டைகர், சுமார் 320 மட்டுமே உருவாகி 1961-இல் நின்றுபோயிற்று. மான் தீவில் 1962-க்கும் 1965-க்கும் இடையே தயாரான பீல் பி50, ஏறத்தாழ ஐம்பதே. நீளம் 137 செ.மீ.; ஒருவர் மட்டுமே அமரலாம்; பின்னால் நகர்த்த இறங்கிக் கைப்பிடியைப் பற்றி இழுக்க வேண்டும். அன்று 199 பவுண்டுக்கு விற்ற அக்கார் ஒன்று 2016-இல் 1,76,000 டாலருக்கு ஏலம் போனது. லட்சக்கணக்கில் ஓடிய ஐசெட்டாவுக்கோ பெரும்பாலும் இவற்றில் ஒரு சிறு பங்கே கிடைக்கிறது.

அதாவது, சந்தை அருமைக்கு விலை தருகிறது. அந்த அருமையோ பலவேளைகளில் அன்றைய வணிகத் தோல்வியின் மறுபெயர். சேகரிப்பாளர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் இவற்றில் பல இன்று நம் கண்ணுக்குக் கிட்டியிரா. ஆயினும், பளபளக்கும் வண்ணம் பூசி, வேடிக்கைப் பொம்மையாக மேடையேற்றும்போது, அந்த வாகனத்திற்குக் காரணமான மனிதன் மறைந்துவிடுகிறான். மழையில் நனையாமல் வேலைக்குச் செல்ல விரும்பிய தொழிலாளியும், கால்களை இழந்த பின்னும் வீதிக்கு வரத் துணிந்த வீரனும் ஏலப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இக்கார்களின் மெய்யான வரலாறு அவர்களுடையதே.