அந்நியனும் அலையும்

ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாம் சொல்லும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மனிதர்களைப் பற்றியவை. ரங்கநாதன் தெருவில் பர்ஸைப் பார்த்துக்கொள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் சங்கிலியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள். ஆட்டோவில் ஏறுமுன் கூலியைப் பேசிவிடு. கடலைப் பற்றி அநேகமாக யாரும் எச்சரிப்பதில்லை. கடலைப் பார்த்துவிட்டு வா என்று நாமே அனுப்பிவைக்கிறோம்.

பெசன்ட் நகர்க் கடற்கரையில், எலியட்ஸ் பீச்சில், ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கே.ஏ.ஜே. ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காக்க உதவியபோது, இதன் அருகே கடலில் மூழ்கினார் என்கிறது அதன் கல். அந்த நிழலில் சுண்டல் தின்கிறவர்கள் கல்லைப் படிப்பதில்லை. கல்லில் இல்லாத கதை ஒன்றும் ஊரில் உலவுகிறது. காப்பாற்றப்பட்ட ஆங்கிலப் பெண் ஒன்றுமே நடவாததுபோல் அன்றிரவே விருந்துக்கு வந்தாளாம்; கவர்னர் வெகுண்டு சின்னம் எழுப்பச் சொன்னாராம். அப்போது கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி. இந்தக் கதையிலும் குற்றவாளி ஒரு மனுஷிதான், கடல் தப்பித்துக்கொண்டுவிட்டது.

மார்கழிக் கடல் பார்க்கிற அளவுக்குச் சாதுவானதல்ல. கரையேறிய நீர் திரும்பும்போது சில இடங்களில் வாய்க்கால்போலத் திரண்டு ஆளை உள்ளே இழுக்கும். இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவன் களைத்து மூழ்குகிறான். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி விலகுகிறவனுக்குப் பிழைக்க வழியுண்டு. அலை உடையாமல் அடங்கித் தெரியும் இடமே பல சமயம் இழுப்பு உள்ள இடம். வெளியூர்க்காரன் அமைதியான இடம் என்று எண்ணி அங்கேதான் இறங்குகிறான். குப்பத்து மீனவர்கள் நீரோட்டத்தை வெள்ளம் என்பார்கள். கடலில் இறங்குமுன் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள்.

மதராஸின் சரித்திரமே இந்த அலையில்தான் ஆரம்பிக்கிறது. 1639இல் கும்பினி இடம் பெற்ற கரைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். வந்தவர்கள் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரை சேரவேண்டும். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அலையில் உடையும்; தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். ஆக, இந்த நகரத்தில் பயணிக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு கோட்டையல்ல, கட்டுமரத்துக்காரனின் கை. ஆனால் பயணிகளின் குறிப்புகளில் அவனைப் பற்றிப் புகார் உண்டு: பாதி வழியில் இனாம் கேட்டு நச்சரிக்கிறான் என்று. தன் உயிரைக் கையில் வைத்திருக்கிறவனைக் கொள்ளைக்காரனாகப் பார்ப்பது அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு துறைமுகம் எழுந்தது. 1881 புயல் அதை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். அதன் சுவர்கள் மணலின் போக்கைத் தடுக்க, தெற்கே கரை அகன்றது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். கடலைக் கடக்கவேண்டிய அவசியம் போய், கடல் காட்சியாயிற்று. காட்சிக்கு மீனவன் இடைஞ்சல். 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தினார்கள். எதிர்த்த மீனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தண்ணீரைத் தெரிந்தவர்களை விலக்கிவிட்டு, தெரியாதவர்களுக்குத் தண்ணீரைக் காட்டுவதுதான் அழகு என்று அன்று கருதப்பட்டது.

ஷ்மிட்டின் வளைவு நிற்கும் கரைக்குப் பெயர் தந்த எட்வர்ட் எலியட், 19ஆம் நூற்றாண்டு மதராஸில் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பரின்டென்டென்டாகவும் இருந்தவர். மயிலாப்பூரின் ராதாகிருஷ்ணன் சாலைக்கும் முன்பு அவர் பெயர்தான். திருடனிடமிருந்து காக்கும் உத்தியோகத்துக்குக் கடற்கரையும் சாலையும் கிடைத்தன. கடலிலிருந்து காக்கப்போன ஷ்மிட்டுக்கு ஒரு வளைவு கிடைத்தது. அலையில் கவிழ்ந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கியவர்களுக்குக் கல்லில் பெயரில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் புகுந்தபோது, நகரத்தின் தெருக்களில் மீனவர்களின் படகுகள் வந்தன. அந்த டிசம்பருக்கும் கல் இல்லை.

ஷ்மிட்டைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. தன் ஊரல்லாத ஊரில் இன்னொருவருக்காகத் தண்ணீரில் இறங்கியவர் அவர். அந்த வளைவு அவருக்கு நியாயமாகச் சேரவேண்டியது. ஒருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதையே நம் நன்றியின் முழுக்கணக்காக்கிவிட்டோமே என்பதுதான் என் சங்கடம்.

மார்கழிக் கச்சேரிக்கென்று வந்து, இடையில் ஒரு காலையில் கடலுக்குப் போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலை நனைக்குமுன் சற்று வடக்கே நடந்து ஊரூர்க் குப்பத்துக்குப் போங்கள். அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது, ‘இன்றைக்கு வெள்ளம் எப்படி ஐயா?’ என்று கேளுங்கள். அவர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள். அதற்கு அவர் இனாம் கேட்கமாட்டார்.