நிலக்கடலை: பாசனமும் செடி இடைவெளியும்

நிலக்கடலை மேலே பூத்து மண்ணுக்குள் காய்க்கும் எண்ணெய்வித்துப் பயிர். வட தமிழ்நாட்டில் இதை மல்லாட்டை என்பர். தண்ணீரும் செடி இடைவெளியும் இதன் மகசூலை எப்படி மாற்றுகின்றன என்பதை அறிய விழுதைக் கவனிக்க வேண்டும்.

விதைத்த 25–30 நாளில் பூ எடுக்கிறது. கருவுற்ற பூவிலிருந்து விழுது கீழ்நோக்கி நீண்டு, மண்ணைத் துளைத்து, நுனி பருத்துக் காயாகிறது. உயரக் கணுக்களில் தோன்றும் விழுதுகள் பெரும்பாலும் மண்ணை எட்டாமலே உலர்ந்துவிடும். எட்டியவையும் மேல்மண் இறுகியிருந்தால் இறங்காது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியை வேர் வழியாகப் பெறுவதில்லை. சுற்றியுள்ள மண்ணீரிலிருந்து தானே உறிஞ்சுகிறது. அடிமண் ஈரத்தில் செடி பச்சையாக நின்றாலும், மேல்மண் காய்ந்திருந்தால் பொக்குக் காய்கள் பெருகும். இலையை மட்டும் பார்த்துத் தண்ணீரைத் தள்ளிப்போடுவது இந்தப் பயிரில் பெருநட்டம். 40–45ஆம் நாளில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் இட்டு மண் அணைக்கும்போது நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

இறவைப் பயிருக்குச் சுமார் 500 மி.மீ. நீர் தேவை. விதைத்த சில நாளில் உயிர்த்தண்ணீர் விட்டபின், பூக்கும் வரை செடியைச் சற்று வாட்டத்தில் வைப்பது நல்லது. வேர் ஆழம் போகும்; பூக்கள் திரண்டு வரும்; காய்கள் ஒருசேர முற்றும். பூத்தது முதல் காய் பெருக்கும் வரை வாட்டமே கூடாது. முற்றும் பருவத்தில் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் பருப்பில் அஃப்லாடாக்சின் நஞ்சு சேரலாம். ஈரம் மிஞ்சினால் விதையுறக்கம் இல்லாத கொத்து ரகங்கள் மண்ணிலேயே முளைத்துவிடும்.

கொத்து ரகங்களுக்குத் தமிழ்நாட்டில் 30×10 செ.மீ. பரிந்துரை, சதுர மீட்டருக்கு 33 செடிகள். இவை தூரடியிலேயே காய்ப்பதால், செடி குறைந்த இடத்தை அருகிலுள்ள செடி முழுதாக ஈடுகட்டாது. இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் நோயும் செடி அடர்த்தி குறைந்த வயலில்தான் கூடுதல். படர்ந்து கணுக்கணுவாக விழுது இறக்கும் கொடி ரகங்களுக்கு இடம் அதிகம் வேண்டும். அளவுக்கு மீறி நெருக்கினால் செடிகள் ஈரத்துக்குப் போட்டியிடும். மானாவாரியில் இதன் பாதிப்பு கடுமை.

மற்றொரு எண்ணெய்வித்தான எள்ளுக்கு இந்தக் கணக்கு வேறு. கிளைவிடும் எள்ளுக்கு 30×30 செ.மீ., சதுர மீட்டருக்கு 11 செடிகளே போதும். 15ஆம் நாளும் 30ஆம் நாளும் செடி கலைத்து விடாத எள் கிளைக்காமல் ஒல்லியாக உயரும். வேரடியில் தண்ணீர் தேங்குவதையும் எள் தாங்காது. அதற்குப் பாசனத்தைவிட வடிகால் முதன்மையானது.