மணியாச்சியில் வெடித்தது ரிவால்வரா?

வாஞ்சிநாதன் கதையைச் சொல்பவர்களில் பாதிப்பேர் அவர் கையில் ஒரு ரிவால்வரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓவியங்களிலும் அப்படித்தான். ஆனால் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக ரயில் பெட்டியில் காத்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கி பிஸ்டல். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். இருக்கிறது!

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். அதனால் நடுவில் வயிறு புடைத்திருக்கும். அன்றைய வெப்ளி ராணுவ ரிவால்வர் ஏறக்குறைய ஒரு கிலோ. இந்த நிலையில்தான் அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டலை பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி 1900-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தட்டையானது, எடை சுமார் 625 கிராம், பிடிக்குள் 7 தோட்டா. சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ஏறக்குறைய 7 லட்சம் விற்றது.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மட்டும் தானியங்கிகள் மேல் நம்பிக்கை வரவில்லை. மண் பட்டால் சிக்கிக்கொள்ளும் என்ற பயம். முதல் உலகப்போர் முழுக்க வெப்ளி ரிவால்வரோடுதான் இருந்தார்கள். புது மாடலை ஓடிப்போய் வரவேற்றது வேறு கூட்டம். 1904-ல் பின்லாந்து கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவ், 1909 அக்டோபரில் ஹார்பினில் ஜப்பானின் இடோ, அதே டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன்... மூவரும் பிரௌனிங்குக்கு இரையானவர்கள். ஜாக்சனைச் சுட்டது, லண்டனிலிருந்து சாவர்க்கர் பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து அனுப்பிய 20 பிரௌனிங்குகளில் ஒன்று.

1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. அந்தச் சட்டம் புதுச்சேரி எல்லையோடு நின்றுவிடும், அது பிரெஞ்சுக்காரன் ஊர். லண்டனிலிருந்து தப்பி வந்த வ.வே.சு. ஐயர் 1910-லிருந்து அங்கேதான் இருந்தார். புனலூரில் வனத்துறை வேலை பார்த்த வாஞ்சி சுடக் கற்றுக்கொண்டது அவரிடம்.

ஆஷ் மீதான கோபம் தூத்துக்குடியில் பிறந்தது. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம், பிறகு வ.உ.சி. கைது, திருநெல்வேலிக் கலவரம் - இத்தனை நடந்தபோதும் ஆஷ் தூத்துக்குடியில் சப்-கலெக்டர். அந்தக் கோபத்துக்கு மூன்று வருடம் கழித்து ஒரு புது மாடல் கிடைத்தது. ஆஷைச் சுட்ட வாஞ்சி பிளாட்பாரக் கழிவறைக்குள் ஓடி, அதே பிஸ்டலைத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

பிரௌனிங் மோகமும் நீண்டநாள் நிலைக்கவில்லை. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் சரக்கு வண்டியோடு காணாமல் போனபோது, வங்காளப் புரட்சியாளர்கள் கைக்குப் போனவை 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும்.