காப்புரிமை

காப்பும் உரிமையும் கூடிப் பிறந்த இச்சொல் மூடிவைத்தலைக் குறிப்பதுபோல் தோன்றினும், இதன் மூலமான 'பேட்டண்ட்' என்பதோ, 'திறந்திருத்தல்' எனப் பொருள்படும் லத்தீன் தாதுவிலிருந்து வந்து, யாவரும் வாசிக்கத் திறந்துவிடப்பட்ட அரச சாசனத்தைச் சுட்டியதாகும்.

புதுக் கண்டுபிடிப்புக்குத் தரப்படும் இவ்வுரிமை, பழைய உறுப்புகளை இணைத்தமைத்த சாதனத்துக்கும் உண்டா? பாத்திரங்களை மெருகிடுவதற்காகக் கடைசல் எந்திரத்தில் அழுத்திப் பிடிக்கும் முறை பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், உறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்து புதிய பயனையோ மேலான பயனையோ விளைவித்தல் வேண்டுமென 1978-இல் உரைத்த உச்ச நீதிமன்றம், அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கிற்று, அது நியாயமே.

கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர், சக்கரம் உருளும் விசையாலேயே மருந்து பீய்ச்சும்படி தெளிப்பானை மிதிவண்டியோடு பிணைத்தால், அங்கே இயைபு உண்டு. தெளிப்பானில் விளக்கைக் கட்டினால் இல்லை. இயைபோடு புதுமையும் வேண்டுமாதலால், அன்பர்களே, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்குமுன் உங்கள் கருவியைப் பலரறியக் காட்டாதீர்கள்.