வாஷிங்டனில் மேசை, ஓஸ்லோவில் பேரம்

1993-இல் இஸ்ரேலோடு நடந்த வாஷிங்டன் பேச்சுவார்த்தையில் பாலஸ்தீனக் குழுவுக்குத் தலைவர் காசாவைச் சேர்ந்த முதிய மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி. பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வோடு பேச இஸ்ரேல் மறுத்ததால், 1991 மாட்ரிட் அமைதி மாநாட்டுக்கே ஜோர்டானோடு சேர்ந்த கூட்டுக் குழுவாகத்தான் பாலஸ்தீனர்கள் போக முடிந்தது. அன்று முதல் ஷாஃபி விடாப்பிடியாகக் கேட்டது ஒன்றுதான்: முதலில் யூதக் குடியிருப்புகள் கட்டுவதை நிறுத்துங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நிலம் பறிபோவதை ஆக்கிரமிப்புக்குள் வாழ்ந்து பார்த்தவர் அவர்.

1993-இன் தொடக்கமே கசப்பு. முந்தைய டிசம்பரில் ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் ஆட்கள் என்று சொல்லி இஸ்ரேல் 415 பேரை லெபனானுக்கு நாடு கடத்தியிருந்தது. லெபனானும் அவர்களை ஏற்கவில்லை. மர்ஜ் அஸ்-ஸுஹூர் மலைச்சரிவில், கொட்டும் பனியில், கூடாரங்களில் கிடந்தார்கள். அதனால் பேச்சுவார்த்தை ஏப்ரல் கடைசிவரை முடங்கியது. மார்ச் மாதம், இஸ்ரேலியர்கள் மீதான தொடர் தாக்குதல்களுக்குப் பிறகு, மேற்குக் கரையும் காசாவும் அடைக்கப்பட்டன. அனுமதிச் சீட்டு இல்லாமல் கிழக்கு ஜெருசலேமுக்குக்கூடப் போக முடியாது. இஸ்ரேலில் கூலி வேலை பார்த்துப் பிழைத்த குடும்பங்களின் அடுப்பில் அது கைவைத்தது.

இதற்கிடையே, ஜனவரியிலேயே நார்வேயில் ரகசியப் பேச்சு தொடங்கிவிட்டது. பி.எல்.ஓ.வின் அகமது குரை ஒரு பக்கம். இஸ்ரேலியக் கல்வியாளர்கள் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரான் புண்டக் மறுபக்கம். மே மாதம் இஸ்ரேல் வெளியுறவு அதிகாரி ஊரி சவீர் வந்தார். பின்னாலேயே வழக்கறிஞர் யோயல் சிங்கரும் வந்து ஒவ்வொரு வரியையும் துருவினார். ஷாஃபிக்கு எதுவுமே தெரியாது.

ஆகஸ்ட் 20 அன்று ஓஸ்லோவில் ஒப்பந்தத்துக்குச் சுருக்கொப்பம். செப்டம்பரில் கடிதங்கள் பரிமாறப்பட்டன. அமைதியோடும் பாதுகாப்போடும் வாழ இஸ்ரேலுக்குள்ள உரிமையை பி.எல்.ஓ. தலைவர் அராஃபத் ஏற்றார். பதிலுக்கு இஸ்ரேல் பிரதமர் ராபின் ஏற்றது, பி.எல்.ஓ. பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்பதை மட்டுமே; நாடு என்ற சொல்லே அதில் இல்லை. ஜெருசலேம், அகதிகள், குடியிருப்புகள், எல்லைகள் எல்லாம் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டன. கட்டுமானத்தை நிறுத்தும் நிபந்தனை ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. ஷாஃபி இரண்டு ஆண்டுகள் விட்டுக்கொடுக்காத அந்த ஒன்றைத்தான் ஓஸ்லோவில் விட்டுவிட்டார்கள் என்பதை என்னால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கையெழுத்து விழாவுக்கு ஷாஃபி போகவில்லை. கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் பி.எல்.ஓ. செயற்குழுவிலிருந்து விலகினார். ஆனால் காசாவிலும் எரிகோவிலும் அன்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏற்றினால் சிறை என்றிருந்த பாலஸ்தீனக் கொடியைப் பகலில், படைவீரர்கள் பார்க்கவே பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மகிழ்ச்சியை ஏமாளித்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஒப்பந்தப்படி டிசம்பர் 13 அன்று காசாவிலிருந்தும் எரிகோவிலிருந்தும் இஸ்ரேலியப் படைகள் விலகத் தொடங்கியிருக்க வேண்டும். எல்லைக் கடவைகள் யார் கையில், எரிகோ வட்டாரம் என்பது எவ்வளவு பரப்பு என்ற தகராறில் அந்தத் தேதி தாண்டிப்போனது.

(தொடரும்)